மேனுவல் வேனில் ஏழு வருடம்: நிறுத்தும்போது கிளட்சை எப்போது மிதிப்பது?

சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனைச் சந்தையிலிருந்து தேக்கா பக்கத்துக் கடைகளுக்குக் காய்கறி ஏற்றிப் போவது என் வேலை. ஏழு வருடமாக ஒரே வேன். ஜப்பானியத் தயாரிப்பு, டீசல், ஐந்து கியர், மேனுவல். போன வாரம் 190,000 கிலோமீட்டரைத் தாண்டியது. எஞ்சினையும் சக்கரத்தையும் இணைத்துப் பிரிப்பது கிளட்ச். முதல் கிளட்ச் 58,000 கிலோமீட்டரிலேயே தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு போட்ட கிளட்ச் 130,000க்கு மேல் ஓடியும் இன்னும் வழுக்கவில்லை. அதே வண்டி, அதே பாதை, ஏறக்குறைய அதே சுமை. மாறியது நான் வண்டியை நிறுத்தும் விதம்தான்.

கார், வேன் ஓட்டுவதற்கான கிளாஸ் 3 உரிமம் எடுக்கப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே பயம், எஞ்சின் ஆஃப் ஆகிவிடுமோ என்று. தேர்வின்போது அப்படி ஆனால் போச்சு. அந்தப் பயத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது: தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்தாலே இடது கால் கிளட்சை அடியோடு மிதித்துவிடும். அப்புறம்தான் வலது கால் பிரேக்குக்குப் போகும். வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் நிற்கும். சொகுசாகத்தான் இருந்தது. காலி வேனில், சமதளத்தில், இதில் ஒரு குறையும் தெரியாது.

குறை தெரிந்தது ஒரு டிசம்பர் விடியற்காலையில். வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வெங்காயம், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாமாக 800 கிலோ இருக்கும். விரைவுச்சாலையிலிருந்து இறங்கும் கிளைச்சாலை சரிவானது. முன்னால் பிரேக் விளக்கு எரிந்ததும் வழக்கம்போல் கிளட்சை மிதித்தேன். அதுவரை எஞ்சின் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த வண்டி, கயிறு அறுந்த காளை மாதிரி ஓடியது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் காலடியில் தடதடவென்று அதிர்ந்தது. பின்னால் கூடைகள் சரிந்து முன்பக்கத் தடுப்பில் மோதின. முன்னால் நின்ற லாரிக்கு ஒரு முழம் இருக்கும்போது வேன் நின்றது. அந்த லாரியின் பின்தட்டில் வேலைக்குப் போகும் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சாப்பாட்டுப் பையை மடியில் பிடித்தபடி என் முகவிளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் போய்விடும். அந்த ஒரு வினாடியை நான் இடது காலுக்குக் கொடுத்திருந்தேன்.

அடுத்த மாதமே கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமும், வேகம் ஏறாது. காக்கி புக்கிட் பக்கம் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். கியர்பாக்ஸை இறக்கியதும் மெக்கானிக் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கிளட்சுக்குள் உரசும் தட்டான பிளேட்டில் ரிவிட் தலை தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. அது உரசும் எஞ்சின் சக்கரமான ஃப்ளைவீலில் அங்கங்கே நீலத் திட்டு.

“இந்த நீலத்தப் பாருங்க தம்பி. சூடு பட்ட தடம். ஏத்தத்துல கிளட்சுலயே வண்டியத் தாங்கிப் பிடிச்சு நிப்பீங்களா?”

ஆமாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ஏற்றப் பாதையில் வரிசை நின்றால், ஹேண்ட் பிரேக் போடாமல், கிளட்சைப் பாதி மட்டும் விட்டு, அரை கிளட்சில்தான் பிடித்து நிற்பேன். சிக்னலில் நின்றால் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்தபடியே பச்சை விளக்குக்குக் காத்திருப்பேன். அவர், கிளட்சை மிதிக்கும்போது அழுத்தம் தாங்கும் ரிலீஸ் பேரிங்கை விரலால் சுற்றிக் காட்டினார். கரகரவென்றது. கிளட்சை மிதித்தால் மட்டும் ஒரு கீச்சுச் சத்தம் வருகிறதே என்று நான் சில வாரமாக யோசித்துக்கொண்டிருந்ததற்கு விடை அதுதான்.

இதில் பலர் ஒன்றையும் இன்னொன்றையும் குழப்பிக்கொள்கிறார்கள். கிளட்சை முழுதாக மிதித்திருக்கும்போது பிளேட் தேயாது, ஏனென்றால் அது எதையும் தொட்டுக்கொண்டிருக்காது. அப்போது தேய்வது பேரிங். பிளேட்டைத் தின்பது அரை கிளட்ச். நிறுத்தும்போது சீக்கிரம் மிதிப்பதால் வரும் இழப்பு வேறு: எஞ்சின் தரும் பிடிமானம் போய், முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. என்னிடம் மூன்று கெட்ட பழக்கமும் இருந்தன.

செலவு, ஃப்ளைவீலைத் தீட்டிய கூலியோடு சேர்த்து ஆயிரம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) நெருங்கியது. இரண்டு நாள் வேலை போனது தனி.

சரி, இப்போது எப்படி நிறுத்துகிறேன்? சிவப்பைப் பார்த்ததும் முதலில் வலது கால் ஆக்சிலரேட்டரை விடுகிறது. கியர் அப்படியே இருக்கும். சக்கரம்தான் அப்போது எஞ்சினைச் சுற்றுகிறது, அதனால் இப்போதைய எஞ்சின்கள் அந்த நேரத்தில் டீசல் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் உருட்டினால் எண்ணெய் மிச்சம் என்று சிலர் நம்புகிறார்கள். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் ஓடுவதற்காவது டீசல் வேண்டும், கியரில் அதுவும் வேண்டாம். பிறகு பிரேக், முதலில் மெதுவாக, நடுவில் அழுத்தமாக. எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் ஆயிரத்துக்குக் கீழே இறங்கி, வண்டி லேசாக உதற நினைக்கும் நேரத்தில்தான் இடது கால் இறங்கும். என் வேனில் நாலாவது கியரில் அது 30க்குக் கீழே வரும், இரண்டாவதில் 10ஐ ஒட்டி. வண்டிக்கு வண்டி இது மாறும், காதாலும் காலாலும்தான் பழக வேண்டும். நிற்பதற்கு முந்தைய கடைசி அரை மீட்டரில் பிரேக்கை ஒரு நூல் தளர்த்தினால் வண்டி தலையாட்டாமல் நிற்கும்.

இது கைவர எனக்கு மூன்று மாதம் ஆனது. சிராங்கூன் சாலையில் இரண்டு முறை எஞ்சின் ஆஃப் ஆனது. ஒன்றும் ஆகிவிடவில்லை, திரும்ப ஸ்டார்ட் செய்தேன், அவ்வளவுதான்.

நடுவில் கொஞ்ச காலம் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஐந்து, நாலு, மூன்று, இரண்டு என்று படிப்படியாகக் கியரை இறக்கிப் பார்த்தேன். தேவையில்லை என்பது என் முடிவு. ஒவ்வொரு இறக்கத்திலும் பிளேட் கொஞ்சம் உரசுகிறது. முன்சக்கர பிரேக் பேடை மாற்ற நூற்றுச் சொச்சம் வெள்ளி, கிளட்சுக்கு அதைப்போலப் பல மடங்கு. நிற்கப் போகிறோம் என்பது உறுதியானால் பிரேக்கே போதும். விளக்கு பச்சையாகலாம், மறுபடி போக வேண்டியிருக்கும் என்றால் அந்த வேகத்துக்கு ஏற்ற கியருக்கு நேராக இறக்கிக்கொள்ளலாம். பாரத்தோடு நீண்ட சரிவில் இறங்குவது மட்டும் வேறு. அங்கே முன்கூட்டியே மூன்றாவது கியருக்கு வந்துவிடுவேன்.

சிக்னலில் நின்றதும் ஹேண்ட் பிரேக். ஆனால் பின்னால் ஒரு வண்டி வந்து நிற்கும்வரை முதல் கியரிலேயே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன், யாராவது வேகமாக வந்தால் நகர்ந்துகொள்ள. அவர் நின்றதும் நியூட்ரல். இடது காலுக்கு ஓய்வு.

கால் வலியின் தலைநகரம் உட்லண்ட்ஸ் பாலம்தான். விடுமுறை நாளில் மச்சானின் மேனுவல் காரில் மலேசியாவின் ஜோகூர் பாரு போனால், ஒரு கிலோமீட்டர் பாலத்தைக் கடக்க மணிக்கணக்கில் ஆகும். முன்னால் உள்ளவர் ஓரடி நகர்ந்தால் நாமும் ஓரடி நகர்வது என்று போனால் முழங்கால் வீங்கிவிடும். மூன்று கார் நீளத்துக்கு இடைவெளி வரட்டும் என்று காத்திருந்து, முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஊர்ந்து போகலாம். நடுவில் யாராவது நுழைவார்கள். நுழையட்டும்.

அவசரத்தில் இந்த வரிசையெல்லாம் கிடையாது. குழந்தை குறுக்கே ஓடினால் வலது கால் உடனே, முழு பலத்தோடு பிரேக்கில். இடது கால் தானாகக் கிளட்சுக்கு வந்தால் வரட்டும், வராமல் எஞ்சின் அணைந்தாலும் பரவாயில்லை. ஏபிஎஸ் அதிர்ந்தால் பயந்து காலை எடுக்கக் கூடாது. 24 அடி லாரி ஓட்டும் நண்பர் இன்னொன்றும் சொல்வார்: அவர் லாரியில் கிளட்சை மிதித்த கணமே, புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் விட்டுவிடும். ஏர் பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் தொட்டியில் காற்று குறைந்துகொண்டே போகும். கனரக வண்டிக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

பிரேக் பேட் முன்பு 30,000 கிலோமீட்டர்தான் வரும், இப்போது 45,000 வருகிறது. டீசல் மிச்சமானதா என்றால், என் சுமை தினமும் மாறுவதால் கணக்குச் சொல்ல முடியாது.

இன்னும் மூன்று வருடத்தில் வேனின் சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிகிறது. அடுத்தது மின்சார வேனாக இருக்கலாம், அதில் இடது காலுக்கு வேலையே இருக்காது. அதுவரை இந்த வண்டியை ஓட்ட, போன மாதம் அக்கா மகன் உதவிக்கு வந்தான். புது கிளாஸ் 3 உரிமம். முதல் நாள் சிராங்கூன் சாலை சிக்னலில் அவன் இடது கால் முந்திக்கொண்டு இறங்கியது, எனக்கு நன்றாகத் தெரிந்த அதே பயத்தில்.

“இருடா, எஞ்சின் உதறும்போது சொல்றேன், அப்ப மிதி” என்றேன்.

“ஆஃப் ஆயிட்டா மாமா?”

“ஆனா ஆகட்டும். ஸ்டார்ட் பண்ணிக்கலாம்.”

நாலாவது நாள் நான் எதுவும் சொல்லவில்லை. வேன் நின்றபோது மேல் கூடையில் இருந்த தக்காளி அசையவில்லை. அவன் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலுக்கு மாற்றி, இடது காலை எடுத்துத் தரையில் வைத்தான்.