வெள்ளைப்படுதலுக்கு ‘நிரந்தரத் தீர்வு’: 19,600 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்த கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். வெட்கம்தான். அந்த வெட்கத்தை நம்பித்தான் அவர்கள் கடையே நடத்துகிறார்கள் என்று புரிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு 46 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடு. சர்க்கரை வந்து ஐந்து வருடம் ஆகிறது. போன ஆடியில் அரிப்பு ஆரம்பித்தது. ராத்திரி தூக்கமே போனது. ஒன்றுக்குப் போனால் எரிச்சல், திரிந்த தயிர் மாதிரி வெள்ளை. நாற்றம் மட்டும் கிடையாது.

முதலில் தெருமுனை மெடிக்கல். கடையில் ஆம்பளைப் பையன், பக்கத்தில் இரண்டு பேர் வேறு. பாதி சொல்லி பாதி விழுங்கினேன். “புரியுதுக்கா” என்று ஒரு மாத்திரையும் ஒரு ட்யூபும் கொடுத்தான். இரண்டே நாளில் குறைந்தது. அடுத்த மாதம் மறுபடி. திரும்பவும் அதே ட்யூப். மூன்றாம் முறை முன்னைவிட மோசம். அந்த ட்யூபில் குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். அது அரிப்பை அமுக்கும், அரிப்புக்குக் காரணமான பூஞ்சையைக் கொழுக்க வைக்கும், தோலையும் மெலிய வைத்துவிடும். சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத சரக்கு.

அப்போதுதான் அந்த போர்டு கண்ணில் பட்டது. ‘வெள்ளைப்படுதல், கர்ப்பப்பைக் கோளாறு: அறுவை சிகிச்சை இன்றி நிரந்தரத் தீர்வு. பெண்களுக்குப் பெண்களே.’ அந்தக் கடைசி வரிக்குத்தான் விழுந்தேன்.

(1954-இலேயே இதற்குச் சட்டம் இருக்கிறது. பெண்களின் நோய்கள், கர்ப்பப்பைக் கோளாறு, சர்க்கரை எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. இவற்றைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். போர்டு வைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?)

உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் அம்மா. முந்நூறு ரூபாய் ஃபீஸ். நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், முடிந்தது. கீழே பார்க்கவில்லை, டெஸ்ட் எதுவும் எழுதவில்லை. “உடம்பு சூடும்மா. இப்படியே விட்டா எலும்பு உருகி வெள்ளையாப் போயிடும்” என்றார். என் பாட்டியும் இதையேதான் சொல்வாள், அதனால் நம்பிவிட்டேன். எலும்பு அப்படியெல்லாம் உருகி வராது. ஓரளவு வெள்ளைப்படுவது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான்.

ஒரு மாதத்துக்குச் சூரணம், லேகியம், காப்ஸ்யூல் சேர்த்து 6,800. டப்பாவில் மருந்தின் பெயரோ தயாரித்த தேதியோ இல்லை, வெறும் வெள்ளை டப்பா. உள்ளே விட்டுக் கழுவ ஒரு திரவம், இரண்டு பாட்டில் 1,400. இப்படிக் கழுவினால் உள்ளே காவலுக்கு இருக்கும் நல்ல கிருமிகளும் சேர்ந்து போகும். அந்த இடம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், வெளியே தண்ணீர் விட்டால் போதும்.

இரண்டாம் மாதம் இன்னொரு 6,800. “குறையலையே மேடம்?” என்றேன். “உங்க வீட்டுக்காரர்கிட்டேருந்து திரும்பத் திரும்ப வருது. அவருக்கும் கோர்ஸ் கொடுக்கணும்” என்றார். அதற்கு 4,000. திரும்பவும் 300.

பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. ‘அவர்கிட்டேருந்து’ என்றால் அவருக்கு எங்கிருந்து வந்தது? இருபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதரிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை. தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். எனக்கு இருந்தது ஈஸ்ட் என்ற பூஞ்சைத் தொற்று, அது பொதுவாக உடலுறவில் பரவும் வகை நோயே கிடையாது, அவருக்கும் அரிப்பு, சிவப்பு இருந்தால்தான் அவருக்கு மருந்து வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது.

அடுத்த முறை போனபோது கர்ப்பப்பை வாயில் புண், கரண்ட் வைத்துச் சுட்டுவிடலாம், 12,000 ஆகும் என்றார்கள். பார்க்காமலேயே புண்ணைக் கண்டுபிடித்தது எப்படி என்று அப்போதுதான் உறைத்தது.

நாத்தனார்தான் விடிகாலை பஸ்ஸில் பாண்டிக்கு இழுத்துப்போனாள், கோரிமேடு ஜிப்மருக்கு. வரிசை, கூட்டம், காத்திருப்பு எல்லாம் உண்டு, சொல்லிவிடுகிறேன். உள்ளே என் மகள் வயதில் ஒரு டாக்டர். பரிசோதித்தார், கொஞ்சம் எடுத்து ஒரு காகிதத்தில் தொட்டுப் புளிப்பு அளவு பார்த்தார், மீதியை ஸ்லைடில் வைத்து மைக்ராஸ்கோப்புக்கு அனுப்பினார். மீன் நாற்றம் அடித்தால் பெரும்பாலும் பாக்டீரியா தொந்தரவு, அதற்கு வேறு மருந்து. நாற்றமில்லாத தயிர் வெள்ளை, அரிப்பு என்றால் கேண்டிடா என்ற ஈஸ்டாக இருக்கலாம், ஆனாலும் பார்க்காமல் சொல்லக்கூடாது என்றார். ஈஸ்ட்தான்.

அப்புறம் இத்தனை மாதத்தில் யாருமே கேட்காத கேள்வியைக் கேட்டார்: “வேற என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?”

பையிலிருந்த அட்டையைக் காட்டினேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினோடு டாபாகிளிஃப்ளோசின். போன சித்திரையில் புதிதாகச் சேர்த்தது. இரத்தத்தில் மிஞ்சும் சர்க்கரையை இது சிறுநீர் வழியே வெளியே தள்ளும். சர்க்கரைச் சிறுநீர் போகிற வழியில் பூஞ்சைக்குத் தினமும் பாயசம்! 2020-இல் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதிலிருந்து இதை நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். நல்ல மருந்துதான், இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது. அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள். எனக்குச் சர்க்கரை டாக்டர்தான் பார்த்து மாற்றிக் கொடுத்தார்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதது, அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுப்பது, ஸ்டீராய்டு, கர்ப்பம் இவையும் காரணமாகலாம். வருடத்தில் மூன்று தடவைக்கு மேல் வந்தால் ஒற்றை மாத்திரையோடு விடமாட்டார்களாம். எனக்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை 150 மில்லிகிராம், மூன்று நாளைக்கு ஒன்றாக மூன்று. பிறகு வாரம் ஒன்று, ஆறு மாதம். வெளியே வாங்கினாலும் பெரிய செலவில்லை. கேண்டிடாவிலேயே இந்த மருந்துக்கு மசியாத இனமும் உண்டு, அதனால் கிருமியை வளர்த்து எந்த இனம் என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கும் அனுப்பினார். “கிளிமிபிரைடு சாப்பிடறீங்களா?” என்றும் கேட்டுக்கொண்டார். அதுவும் ஒரு சர்க்கரை மாத்திரை, அதோடு ஃப்ளூகோனசோல் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடுமாம். கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரை கூடாது, உள்ளே வைக்கும் மருந்துதான். மெடிக்கல் பையன் கொடுத்ததும் இதே மாத்திரைதான், ஒரு கேள்விகூடக் கேட்காமல்.

இப்போது நான்காம் மாதம். அரிப்பு இல்லை, தூங்குகிறேன். வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. “சரி விடு” என்றார், அவ்வளவுதான்.

மிச்சமிருந்த டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். பில் எங்கே என்றார்கள். அவர்கள் கொடுத்தால்தானே? துண்டுச்சீட்டில் வெறும் தொகைதான் எழுதியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பத்தியம் ஒழுங்கா இருந்தீங்களா?” என்றாள். நடுவில் ஒருநாள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டதை எப்போதோ உளறியிருந்தேன். அதுதான் காரணமாம்.