அப்பாவின் தலைமாட்டில் இருந்த பவர்பேங்க்

2019-ல் நான்தான் அதை வாங்கி வந்து கொடுத்தேன். 10,000 எம்.ஏ.ஹெச். கொள்ளளவு, கறுப்பு நிறம், உள்ளங்கையில் அடங்கும். தண்டையார்பேட்டை வீட்டில் ஆறு வருடமாக அது அப்பாவின் தலைமாட்டிலேயே இருந்திருக்கிறது. 2025 டிசம்பரில் நியூஜெர்சியிலிருந்து மூன்று வார விடுப்பில் ஊருக்குப் போனேன். அதில் பாதி நாள் இந்த ஒரு பொருளைப் பத்திரமாக வீட்டைவிட்டு வெளியேற்றுவதிலேயே கழிந்தது. ஊருக்குச் சாமான் வாங்கிப் போகிற எல்லோருக்கும் உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

விஷயம் தெரிய வந்ததே தற்செயலாகத்தான். புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு, ஏதோ ரசீதைத் தேடி என் பழைய மின்னஞ்சலைத் திறந்தேன். பல மாதங்களுக்கு முன் வந்த கடிதம் ஒன்று படிக்காமல் கிடந்தது. நீங்கள் வாங்கிய பவர்பேங்கின் பேட்டரியில் குறை இருக்கிறது, சூடேறித் தீப்பிடிக்கலாம், உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். கடிதம் வந்தது நியூஜெர்சியின் எடிசன் நகரில் இருக்கும் எனக்கு. பொருள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததோ தண்டையார்பேட்டையில்.

அன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டேன். "சரிம்மா, எடுத்து வச்சிடறேன்" என்றார். போய் இறங்கிய இரவு பார்த்தால், அதே தலைமாட்டில், அதே வெள்ளை வயரில், அவருடைய போனோடு சேர்ந்து கிடக்கிறது. அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், நான்கு நாள் கரண்ட் இல்லை. அப்பா ஒரு நாளைக்கு ஒரு தடவை போனை ஆன் செய்து, "நல்லாருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அந்த ஒரு வார்த்தை எனக்கு வந்து சேர்ந்தது இந்தப் பவர்பேங்க் இருந்ததால்தான். "நம்மளக் காப்பாத்துன பொருள்மா இது" என்றார். தூக்கிப் போடச் சொன்னால் எப்படி மனசு வரும்?

மறுநாள் காலை அதை மொசைக் தரையில் வைத்து ஒரு முனையை விரலால் லேசாக அழுத்தினேன். எதிர்முனை மேலே எழும்பியது. விட்டதும் ஆடி அமர்ந்தது. அடிப்பக்கம் தட்டையாக இருந்த பொருள், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உப்பியிருந்தது.

லித்தியம் பேட்டரிக்குள் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் தொட்டுக்கொள்ளாமல் இருக்க, நடுவே காகிதத்தைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு இருக்கிறது. தயாரிக்கும்போது ஓர் உலோகத் துகள் உள்ளே சிக்கினாலே அந்தச் சவ்வு என்றைக்காவது ஓட்டையாகி, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். அந்தச் சூட்டில் பக்கத்தில் இருக்கும் ரசாயனம் எரிய, அதனால் சூடு இன்னும் ஏற, அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது. உப்பல் என்றால் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை.

அப்பா ஹார்பரில் முப்பது வருடம் டாலி கிளார்க்காக, அதாவது ஏற்றி இறக்கும் சரக்கை எண்ணிக் கணக்கெழுதுகிறவராக இருந்தவர். சட்டென்று தோன்றி, "கப்பல்ல லித்தியம் பேட்டரி எந்தக் கிளாஸ்ல வரும்ப்பா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஒன்பது" என்றார். ஆபத்துச் சரக்கில் ஒன்பதாம் வகுப்பு, பெட்டி மேல் கறுப்புக் கோடு போட்ட டைமண்ட் லேபிள். சொன்னவர் தலையணையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, எங்கள் பொருள் திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அடியில் சாம்பல் நிறத்தில் கடுகளவு எழுத்தில் இருந்தன. ஆறு வருடம் கைபட்டுத் தேய்ந்து, 3 எது, 8 எது என்று தெரியவில்லை. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து ஓரளவு தெரிகிறது. அப்பா பூதக்கண்ணாடி பிடிக்க, நான் படிக்க, அம்மா எழுதிக்கொள்ள, நிறுவனத்தின் பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். பட்டியலில் இருந்தது.

நிறுவனத்தின் சேவையைப் பாதி பாராட்டுவேன். பொருளின் மேல் திரும்பப் பெறப்பட்டது என்ற வார்த்தையை அழியாத மார்க்கரால் எழுதி, என் பெயரும் தேதியும் சேர்த்துப் படம் அனுப்பச் சொன்னார்கள். அப்பாவே மார்க்கரை வாங்கி, சரக்குப் பெட்டியில் எழுதுவது போலப் பெரிய எழுத்தில் எழுதினார். ஒன்பது நாளில் பணம் வந்துவிட்டது. ஆனால் பொருளை என்ன செய்வது என்ற கேள்விக்கு, உங்கள் ஊரின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படையுங்கள், மையத்தைத் தேட ஜிப் கோடு (அமெரிக்க அஞ்சல் குறியீடு) கொடுங்கள் என்றார்கள். எங்கள் பின்கோடு 600081 என்று போட்டேன். ஐந்து இலக்கம்தான் ஏற்கும் என்று படிவம் நின்றுவிட்டது. அரட்டையில் வந்த பணியாளரிடம் பொருள் சென்னையில் இருக்கிறது என்று மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அதே இணைப்பு வந்தது.

திருப்பி எடுத்துப் போகவும் வழியில்லை. விமானத்தில், நல்ல பவர்பேங்க் என்றால், அதில் அடங்கும் மின் ஆற்றல் 100 வாட் ஹவர் வரை இருந்தால் கைப்பையில் கொண்டுபோகலாம், 10,000 எம்.ஏ.ஹெச். என்பது வெறும் 37 வாட் ஹவர்தான். ஆனால் குறைபாடு என்று அறிவித்துத் திரும்பப் பெறும் பேட்டரி கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. டி.எச். ரோட்டில் ஒரு கூரியர் அலுவலகத்தில் கேட்டேன். கவுன்டரில் இருந்த பையன், "உப்பின பேட்டரி எடுக்க மாட்டோம் மேடம், வண்டியில எங்க ஆளுங்க இருப்பாங்க" என்றான். அவன் சொன்னது முழுக்கச் சரி. குப்பையிலும் போட முடியாது. லாரியில் நசுங்கினால் அங்கேயே பற்றிக்கொள்ளும், தப்பினால் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் போய்ச் சேரும். அந்தப் புகையை எங்கள் பக்கம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

வழி கிடைக்கும்வரை வைக்க அப்பா ஓர் ஏற்பாடு செய்தார். காலி எண்ணெய் டின்னின் வாயை வெட்டி, பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் இரண்டு சட்டி மணல் கேட்டு வாங்கி, காயவைத்து, பாதி நிரப்பி, பவர்பேங்கை வைத்து, மேலேயும் மணல் போட்டார். வாயு வெளியே வர வேண்டுமே, அதனால் இறுக்கி மூடவில்லை. மொட்டை மாடி வெயிலுக்கு ஆகாது. பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அருகே, நிழலில், கேஸ் சிலிண்டரை விட்டுத் தள்ளி வைத்தோம்.

அன்று சாயங்காலம் அப்பா சொன்னதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. 2007 ஆகஸ்டில் நோக்கியா பி.எல்.-5சி பேட்டரி விவகாரம் நினைவிருக்கிறதா என்று கேட்டார். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் தயாரித்துக் கொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சூடேறலாம் என்று நோக்கியா அறிவித்தது. டிவியில் செய்தி, பேப்பரில் செய்தி. டீக்கடையில் நின்றவர்கள்கூட போனின் முதுகைக் கழற்றி 26 இலக்க எண்ணைப் பார்த்தார்கள். "ஹார்பர் கேன்டீன்ல மேசை பூரா பேட்டரி" என்றார். பேட்டரியைக் கையால் கழற்ற முடிந்த காலம் அது. செய்தி பொருள் இருக்கிற இடத்துக்கே வந்து சேர்ந்தது.

இப்போது அது வாங்கியவரின் மின்னஞ்சலுக்குப் போகிறது. 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய 11 லட்சத்து 58 ஆயிரம் பவர்பேங்குகளைத் திரும்பப் பெற்றது. தீப்பிடித்ததாகவும் வெடித்ததாகவும் 19 புகார்கள் வந்திருந்தன. எங்களுடையது அந்த நிறுவனத்துடையது இல்லை. ஆனால் 2016-லிருந்து 2022 வரை விற்ற அந்தப் பவர்பேங்குகளில் எத்தனை இப்படிப் பெட்டியில் ஏறி ஊருக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வண்டி என்றால் பதிவு எண் இருக்கிறது, முகவரி இருக்கிறது. 2022 ஏப்ரலில் ஓக்கினாவா 3,215 மின்சார ஸ்கூட்டர்களையும் ஓலா 1,441 மின்சார ஸ்கூட்டர்களையும் திரும்ப அழைத்தபோது, யார் வீட்டில் நிற்கிறது என்று தேடிப் போக முடிந்தது. பரிசாகக் கொடுத்த பவர்பேங்க் யார் தலையணைக்கு அடியில் இருக்கிறது என்பது கொடுத்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசினேன். தமிழிலேயே பேசலாம், காலை 8 முதல் இரவு 8 வரை. பொறுமையாகக் கேட்டார்கள், வெளிநாட்டில் வாங்கியதால் ரசீதும் இந்திய விற்பனையாளர் விவரமும் முக்கியம் என்றார்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதே சட்டத்தின் 20-ம் பிரிவில் இருக்கிறது. இங்கேயே வாங்கிய பொருள் என்றால் இது பெரிய பலம். ரசீதை மட்டும் தொலைக்காதீர்கள்.

கடைசியில் வழி சொன்னது எம்.சி. ரோடு பக்கம் போன் ரிப்பேர் செய்யும் ஒரு தம்பி. அவர் கடை மேசைக்கு அடியிலும் ஒரு மணல் வாளி இருந்தது. "அக்கா, ஊசியால குத்திக் காத்த எறக்கலாம்னு எவனாவது சொன்னா நம்பிடாதீங்க" என்று முதலில் எச்சரித்துவிட்டு, தன் கடையின் பழைய பேட்டரிகளை எடுத்துப் போகும், அரசிடம் பதிவுபெற்ற மின்கழிவு நிறுவனத்தின் எண்ணைக் கொடுத்தார். ஒரு பேட்டரிக்காகத் தண்டையார்பேட்டை வர முடியாது என்றவர்கள், வியாழக்கிழமை மாதவரத்துக்கு வண்டி வரும், கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். டின்னைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, ஆட்டோ அண்ணனிடம் முழு விஷயத்தையும் சொல்லி அவர் சம்மதித்த பிறகே ஏறினோம். வண்டியில் வந்தவர் கையுறை போட்டு எடுத்து, முனைகளில் டேப் ஒட்டி, எடை பார்த்துச் சீட்டு கொடுத்தார். லித்தியம் பேட்டரி ஒன்று, 0.215 கிலோ. அப்பா சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தார்.

புதிது வாங்க அதே தம்பியிடம் போனோம். எங்களுக்கு முன் ஒருவர் கேட்டு வாங்கிப் போன 450 ரூபாய்ப் பெட்டியில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணே இல்லை. எங்களுக்கு எடுத்துக் கொடுத்ததில் ஆர் என்ற எழுத்தும் எட்டு இலக்கமும் இருந்தன. பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்துப் பார்த்தேன், நிறுவனத்தின் பெயர் பொருந்தியது. அப்பா இப்போது அதை ஹாலில், கண்முன்னே வைத்துத்தான் சார்ஜ் போடுகிறார்.

புறப்படுவதற்கு முந்தின நாள்தான் நினைவு வந்தது. 2019-ல் நான் வாங்கியது இரண்டு. இன்னொன்றைப் பெரியம்மாவுக்குக் கொடுத்திருந்தேன். மெட்ரோ பிடித்துக் காலடிப்பேட்டைக்கு ஓடினேன். பெரியம்மா, "அதைப் பேரன் ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போயிட்டானே கண்ணு" என்றார். அங்கிருந்தே வீடியோ காலில் அவனைக் கூப்பிட்டேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க வைத்தேன். அதுவும் பட்டியலில் இருந்தது. சார்ஜிலிருந்து பிடுங்கிவிட்டு, படுக்கையிலிருந்து தள்ளி வராந்தாவின் சிமென்ட் தரையில் கொண்டுபோய் வைத்தான். எடுத்துப் போக ஆள் ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லி முடிக்குமுன் அவன் கேட்டான்: "அத்தை, என் ரூம்லயே இன்னும் நாலு பேர்கிட்ட பவர்பேங்க் இருக்கு. அவங்களுதையும் பாக்கலாமா?"

"பாக்கலாம்டா, போய் எல்லாத்தையும் வாங்கிட்டு வா" என்றேன்.