அடக்கி ஆளும் பள்ளி முதல்வர்: எழுதி வைப்பதா, புகார் கொடுப்பதா, வெளியேறுவதா?

முதல்வரோடு மல்லுக்கட்டும் ஆசிரியருக்கு ஸ்டாஃப் ரூமில் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் நான்குதான்: பொறுத்துப் போ, வேறு பள்ளி பார், மேலே புகார் கொடு, எல்லாவற்றையும் எழுத்தில் வை. நான் கடைசி வழியில் போனவன். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

பொறுத்துப் போவது, முதல்வர் சீக்கிரமே மாறிப் போகிறார் என்றால் சரி. இல்லையென்றால், இந்த ஆண்டு மறுக்காமல் செய்த கூடுதல் வேலை அடுத்த ஆண்டு உங்கள் கடமையாகிவிடும்.

வெளியேறுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. தூக்கம் கெட்டு, அந்தக் கோபத்தைப் பிள்ளைகள் மேல் காட்டும் நிலை வந்துவிட்டால் கிளம்புவதே நல்லது. ஆனால் புதுப் பள்ளி பெரும்பாலும் பழைய முதல்வரிடம்தான் உங்களைப் பற்றி விசாரிக்கும். கையில் ஒரு தாளும் இல்லாமல் போனால் அவர் சொல்வதுதான் எடுபடும். அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் வைப்பது என்று நான் முடிவெடுத்தேன்.

அடக்கி ஆள்பவரின் பலம் வாய்மொழியில் இருக்கிறது. வராந்தாவில் நிறுத்தி, "நாளையிலிருந்து பத்தாம் வகுப்பையும் நீங்களே பாருங்க" என்பார். பிறகு எட்டாம் வகுப்பில் பாடம் முடியவில்லை என்று மெமோ வரும். "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்பார். அதனால் அன்று மாலையே இப்படி எழுதிக் கொடுத்துவிட வேண்டும்: "தாங்கள் இன்று கூறியபடி நாளை முதல் பத்தாம் வகுப்புக்குச் செல்கிறேன். எட்டாம் வகுப்பில் இரண்டு பாடவேளைகள் விடுபடுகின்றன. அவற்றை யார் எடுப்பது எனத் தெரிவிக்க வேண்டுகிறேன்." இதில் குற்றச்சாட்டு இல்லை, கோபம் இல்லை. என் கடிதங்களுக்குப் பெரும்பாலும் பதில் வரவில்லை. ஆனால் வராந்தா உத்தரவுகள் குறைந்தன. கால அட்டவணையும் மாறியது.

எடுத்த எடுப்பிலேயே மேலதிகாரிக்கு நகல் போடாதீர்கள். போட்டால் அது புகாராகிவிடும். பிரதியைப் பள்ளிக் கணினியில் மட்டும் வைக்காதீர்கள்.

திறமையில்லாத முதல்வருக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அவர் முடிவே எடுக்கமாட்டார், கேட்டு எழுதினால் கடிதம் மேசையிலேயே கிடக்கும். "தாங்கள் வேறு விதமாகக் கூறாவிட்டால் வியாழன் முதல் இப்படிச் செய்கிறேன்" என்று எழுதுங்கள். அவர் சும்மா இருந்தாலும் வேலை நடக்கும்.

யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து உருவாக்கி, 1966 அக்டோபர் 5 அன்று ஏற்கப்பட்ட ஆசிரியர் நிலை பற்றிய பரிந்துரையும் எழுத்தைத்தான் வலியுறுத்துகிறது. ஒழுங்கு நடவடிக்கை என்றால் குற்றச்சாட்டையும் அதன் காரணத்தையும் ஆசிரியருக்கு எழுத்தில் தர வேண்டும், ஆதாரங்களை முழுவதும் பார்க்க விட வேண்டும், தற்காப்புக்கு நேரம் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும். பணி மதிப்பீடு நடுநிலையாக இருந்து, ஆசிரியருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். பரிந்துரை என்பதால் அது தானாகச் சட்டமாகிவிடாது. ஆனாலும் உங்கள் பள்ளியின் விதிப் புத்தகத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எதைக் கேட்கலாம் என்று தெரிந்துவிடும்.

மேலிடத்துக்குப் புகார் நான் கொடுத்ததில்லை. கொடுத்தவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்த அளவில், தனி ஒருவரின் புகாரைச் சொந்தப் பகை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். தேதி போட்ட கடிதங்களோடு நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் அப்படி ஒதுக்க முடிவதில்லை. ஆனால் பிள்ளைகளின் பாதுகாப்பு, பாலியல் தொல்லை, பண மோசடி என்றால் கடிதங்கள் சேரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே புகார் கொடுக்க வேண்டும்.

நான் இப்படி எழுதியபோது என் வேலை நிரந்தரமாக இருந்தது. ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு, ஆண்டு முடிவில் புதுப்பிக்காமல் விட்டாலே போதும், காரணம்கூடச் சொல்ல வேண்டியிருக்காது. அவர்களுக்கு இதே உறுதியோடு என்னால் சொல்ல முடியாது. முதல் கடிதத்துக்கு முன்பே ஆசிரியர் சங்கத்தில் ஒருவரிடம் பேசிவிடுங்கள். சங்கம் இல்லாத இடமென்றால் நாட்குறிப்பில் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, வேறு வேலையும் தேடத் தொடங்குங்கள்.