பிரெட் மாவு: அன்றே சுடுவதா, இரவு வைப்பதா?

அரை கிலோ மைதா, 300 மில்லி தண்ணீர், 9 கிராம் உப்பு இரண்டுக்கும் பொது. மாறுவது ஈஸ்ட்தான்.

அன்றே சுட 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். கீழக்கரை, தொண்டிப் பக்கச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் மாவு இரட்டிப்பாகிவிடும். கடிகாரத்தை விட்டு மாவைப் பாருங்கள். மாலை டீக்கு பன் என்றால் இதுவே போதும். மணம் மட்டும் குறைவு.

ருசிக்கு இரவு முறைதான். ஈஸ்ட் 2 கிராம், ஐஸ் தண்ணீர், பிசைந்த அரை மணியில் பிரிட்ஜுக்குள், 10 மணி நேரம். நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதால் மேலோடு நன்கு சிவக்கும். இட்லி மாவுபோல அடுப்படியில் விட்டால், இந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் விடிவதற்குள் புளித்து, இழுவை அறுந்து, ஓவனில் அமுங்கிவிடும். ராத்திரி கரண்ட் போகும் வீட்டுக்கு இந்த பிரிட்ஜ் முறை சரிவராது. காலையில் எடுத்து உருட்டி, ஒரு மணி நேரம் வெளியே வைத்துச் சுடுங்கள்.