குமுளி ஏலக்காய் கடைக்கு எது பொருந்தும்: முன்னுரிமை விதிகளா, கேக் முறையா?

குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்பவருக்கு நெட்டில் முக்கியத் தேவை இரண்டு. போடிக்காரரோடு வாட்ஸ்அப் காலில் விலை பேசும்போது குரல் அறுபடக் கூடாது. குடோன் கேமரா காட்சிகள் கிளவுடுக்குப் போவதும் நிற்கக் கூடாது. ஒரே லைனில் இரண்டும் போக, ரவுட்டரில் வரிசைப்படுத்த இரண்டு வழி: நாமே எழுதும் முன்னுரிமை விதிகள், இல்லையென்றால் தானாகவே வரிசை பிரிக்கும் ‘கேக்’ என்ற மென்பொருள்.

முன்னுரிமை விதி என்றால், ஐபி போனின் (நெட் வழியாகப் பேசும் போன்) குரல் பாக்கெட்டுக்கு, அதாவது தரவுத் துண்டுக்கு, ‘இதை முதலில் விடு’ என்று சொல்லும் டிஎஸ்சிபி 46 என்ற குறி போட்டு, ரவுட்டரில் தனி வரிசை ஒதுக்குவது. கட்டுப்பாடு முழுக்க நம் கையில். ஆனால் வாட்ஸ்அப் கால் என்கிரிப்ட் ஆகிப் போவதால் அதைப் பிரித்தறிவதே பெரும்பாடு. புது கேமரா மாட்டினால் மறுபடி விதி எழுத வேண்டும். பொது இணையத்துக்குள் போனபின் அந்தக் குறியை யாரும் மதிப்பார்கள் என்ற உறுதியும் இல்லை.

கேக், 2018-ல் லினக்ஸ் 4.19 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சேர்ந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் மென்பொருள் ஓடும் ரவுட்டரில், வரிசையைக் கவனிக்கும் எஸ்க்யூஎம் என்ற வசதி வழியாகப் போடலாம். கேமராவும் போனும் தானாகவே தனித்தனி வரிசைக்குப் போய்விடும். வரிசையில் காத்திருப்பு சுமார் 5 மில்லிசெகண்டைத் தாண்டி நீடித்தால் பாக்கெட்டை உதிர்த்து, அனுப்புபவரை வேகம் குறைக்க வைக்கும். அளந்த வேகத்தில் 90 சதவீதத்தை, ஏற்றத்துக்கும் (அப்லோடு) இறக்கத்துக்கும் (டவுன்லோடு) தனித்தனியாகக் கொடுத்தால் வேலை முடிந்தது. மலிவு ரவுட்டரின் சிபியு திணறும், அது வேறு கதை.

ஃபைபர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேக். மலைச்சரிவில் 4ஜி மட்டும்தான் என்றால் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். கொடுத்த எண் பொய்த்துவிடும், கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டியதுதான். போடி கிளைக்கும் குமுளிக்கும் இடையே சொந்த லீஸ்டு லைன் (நமக்கு மட்டும் வாடகைக்கு ஒதுக்கிய இணைப்பு) எடுத்து, குறியை மதிப்பதாக ஒப்பந்தமும் போட்டிருந்தால் மட்டும் நான் விதி எழுத உட்காருவேன்.