மூடுபனியில் முயல்குட்டி: ஈஸ்டர் கப்கேக்குக்கு ஃபாண்டன்டா, பட்டர்க்ரீமா?

குருத்து ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் போதும், மறைக்கல்விப் பிள்ளைகளின் அம்மாக்கள் என்னிடம் வருஷா வருஷம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இந்தத் தடவை ஆட்டுக்குட்டி, முயல், கோழிக்குஞ்சு எல்லாம் ஃபாண்டன்டில் செய்யலாமா அக்கா, இல்லை க்ரீமிலேயே செய்துவிடலாமா? கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் வீட்டிலேயே கேக் செய்கிறேன், ஈஸ்டர் நாளான உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசைக்கு 60 கப்கேக் என் பொறுப்பு. ஃபாண்டன்ட் (பிசைந்து உருட்டுகிற சர்க்கரை மாவு), பட்டர்க்ரீம் (வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த க்ரீம்), விப்பிங் க்ரீம், முந்திரி மார்சிபேன் (முந்திரியும் சர்க்கரைப் பாகும் சேர்ந்த மாவு) நான்கையும் இதே ஊரில், இதே குளிரில் செய்து பார்த்துவிட்டேன். மிருகத்தின் உடம்புக்குப் பட்டர்க்ரீம், காதுக்கு முந்திரி மார்சிபேன். என் பதில் இதுதான், இனி மாறும் என்றும் தோன்றவில்லை.

ஃபாண்டன்ட் மேல் எல்லோருக்கும் ஏன் ஆசை என்று எனக்குப் புரிகிறது. படத்தில் அவ்வளவு அழகு. களிமண் மாதிரி பிசைந்து உருட்டி மூக்கு, வால், பாதம் எல்லாம் வைக்கலாம், இரண்டு நாள் முன்பே செய்து வைக்கலாம், மாவை இறுக்குகிற சிஎம்சி பவுடர் கொஞ்சம் சேர்த்தால் காது விறைப்பாக நிற்கும். சமவெளியில் ஏசி அறையில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. இங்கே சிக்கல் காற்றில் இருக்கிறது. ஃபாண்டன்ட் என்பது பெரும்பாலும் சர்க்கரை, சர்க்கரை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூன்று வருஷம் முன்பு, ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை மத்தியானம் 24 முயல்களை மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனேன், ஜன்னலை மூடவில்லை, கோக்கர்ஸ் வாக் பக்கமிருந்து ஏறி வந்த மூடுபனி நேராக அறைக்குள் புகுந்துவிட்டது. திரும்பி வரும்போது எல்லா முயலும் வியர்த்துப் பளபளவென்று நிற்கிறது, கறுப்புக் கண் கரைந்து கன்னத்தில் வழிகிறது. அன்று ராத்திரி பாஸ்கா திருவிழிப்புப் பூசைக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

காய வைக்கலாமே என்று ஃப்ரிட்ஜில் வைப்பார்கள், அது இன்னும் மோசம், வெளியே எடுத்ததும் குளிர்ந்த மேற்பரப்பில் ஈரம் படிந்து மறுபடி ஒட்டும். ஃபாண்டன்டுக்கு மூடிய டப்பாவும் உலர்ந்த அறையும்தான் வழி. ஈஸ்டர் வருவது மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில், கொஞ்சம் தள்ளிப் போனால் கோடை மழையும் சேர்ந்துகொள்ளும், அந்த நாளில் இந்த ஊரில் உலர்ந்த அறைக்கு எங்கே போவது? அதைவிட முக்கியமானது, பிள்ளைகள் அதைத் தின்பதில்லை. மேலே உள்ளதை உரித்துத் தட்டில் வைத்துவிட்டுக் கேக்கை மட்டும் சாப்பிடுவார்கள். பூசை முடிந்து கூடத்தில் தட்டுகளைப் பொறுக்கும்போது பாதி தின்ற முயல் தலைகளைப் பார்ப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. இன்னொரு விஷயம், சில ஃபாண்டன்டில் மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கும், மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் இருக்கும். நம் பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுச் சைவப் பிள்ளைகளும் வந்து சாப்பிடுகிறார்கள், பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பட்டர்க்ரீமுக்கு வருகிறேன். எடையில் ஒரு பங்கு வெண்ணெய், இரண்டு பங்கு ஐசிங் சுகர், கெட்டியாக இருந்தால் ஒரு கரண்டி பால். 24 கப்கேக்குக்கு அரைக் கிலோ வெண்ணெய், ஒரு கிலோ சர்க்கரை தாராளமாகப் போதும். சமவெளிக்காரர்கள் இதைக் கண்டால் ஓடுவார்கள், மதுரையில் ஏப்ரலில் க்ரீம் பிழிகிற பைப்பிங் பேக்கில், கைக்குள்ளேயே உருகிவிடும், பாதி வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி போட்டு ஐஸ் தட்டின் மேல் வைத்து வேலை செய்கிறார்கள். நமக்கு நேர் எதிர். காலை 7 மணிக்கு அடுப்படியில் வெண்ணெய் கல் மாதிரி இருக்கும். வீடியோவில் வெண்ணெயை அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்வார்கள், நம் அறையின் வெப்பமே போதாது. எவர்சில்வர் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீரின் மேல் அரை நிமிஷம் வைத்து எடுத்து அடியுங்கள், மறுபடி வையுங்கள், உருக விடாதீர்கள், விரல் அழுந்தினால் போதும். அடித்து முடித்த க்ரீமை ஃப்ரிட்ஜில் வைக்கவே வேண்டாம், வைத்தால் பைப்பிங் பேக் நுனியில் மாட்டுகிற நாசிலில் அடைத்துக்கொள்ளும். இந்த ஒரு தொந்தரவைத் தாங்கிக்கொண்டால், பிழிந்தது பிழிந்தபடி நிற்கும், ராத்திரி முழுக்க மேஜையில் மூடி வைத்தாலும் காலையில் ஒரு மயிர்கூடக் கலைந்திருக்காது. மேலே லேசாக ஓடு கட்டிக்கொள்வதால் மூடுபனியும் அவ்வளவாக ஒன்றும் செய்வதில்லை.

மயிர் என்று சொன்னேனே, எனக்கு உண்மையில் அங்கேதான் விஷயம் முடிந்துபோகிறது. ஆட்டுக்குட்டிக்குக் கம்பளி, முயலுக்கு ரோமம், குஞ்சுக்குத் தூவல். இந்த மூன்றும் வழவழப்பான பொருள்கள் அல்ல. ஃபாண்டன்டில் எவ்வளவு திறமையாகச் செய்தாலும் பொம்மைக் கடை முயல்தான் வரும். 233-ஆம் நம்பர் நாசில் என்று ஒன்று இருக்கிறது, கேக் சாமான் கடையில் புல் நாசில் என்று கேட்டால் தருவார்கள், முகத்தில் நிறைய பொடி ஓட்டைகள், அதில் பட்டர்க்ரீமை வைத்து அழுத்தி இழுத்தால் ரோமம் ரோமமாக வரும். ஆட்டுக்குச் சின்ன நட்சத்திர நாசில், நெருக்கி நெருக்கி வைத்தால் சுருள் கம்பளி.

விப்பிங் க்ரீமைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, தின்பதற்கு நான்கிலும் அதுதான் லேசானது, இனிப்பும் குறைவு, பேக்கரி கேக்கில் பழகிய நாக்குக்கு அதுதான் பிடிக்கும். உறைந்த பாக்கெட்டாக வருகிற பால் சேராத வகையைத்தான் சொல்கிறேன். கடையில் சமையலுக்கு விற்கிற 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீமை எவ்வளவு அடித்தாலும் நிற்காது, அதற்குக் குறைந்தது 30, 35 சதவீதம் கொழுப்பு வேண்டும். ஆனால் மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ பஸ்ஸில் தெர்மோகோல் பெட்டியில் வைத்து மலை ஏற்றி வருவதற்குள் பாதி இளகிவிடுகிறது, இளகியதை மறுபடி உறைய வைத்தால் முதலில் போல உப்பாது. பெட்டி நல்லபடியாக வந்து சேர்ந்தால் அன்றைக்கே அடித்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். கோழிக்குஞ்சுக்கு நன்றாக இருக்கும். ராத்திரி வைத்துக் காலையில் கொடுக்கிற வேலைக்கு வேண்டாம்.

முந்திரி மார்சிபேன் பற்றி யாரும் பேசுவதே இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். கோவாவிலும் மங்களூரிலும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் ஈஸ்டர் முட்டையே மார்சிபேனில் செய்கிற வழக்கம் உண்டு. நாட்டுக்கு நாடு பாதாமில் செய்வதை நம் ஊரில் முந்திரியில் செய்கிறோம், அவ்வளவுதான். நமக்குத் தெரிந்த முந்திரி கத்லி மாவுதான் இது, கொஞ்சம் இறுக்கமாக. பச்சை முட்டை வெள்ளை சேர்க்கிற முறையை நான் பிள்ளைகளுக்குச் செய்வதில்லை, ஒற்றைக் கம்பிப் பாகில் முந்திரிப் பொடியைப் போட்டுக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைகிறேன். ஒரு எச்சரிக்கை: பாகுக்குத் தெர்மாமீட்டர் வைத்து அளக்கிறவர்கள் சமவெளிக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், தண்ணீரே இங்கே 93 டிகிரி அருகில் கொதித்துவிடும், அதனால் பாகின் ஒவ்வொரு பதமும் 7 டிகிரி போல முன்பாகவே வந்துவிடும். விரலில் தொட்டுக் கம்பி பார்ப்பதே நல்லது. மார்சிபேனும் ஈரம் இழுக்கும், ஆனால் முந்திரியின் எண்ணெய் இருப்பதால் ஃபாண்டன்ட் அளவுக்கு வழியாது. முயல் காது, ஆட்டின் முகம், குஞ்சின் அலகு மூன்றும் இதில்தான். பிள்ளைகள் முதலில் காதைத்தான் கடிக்கிறார்கள். முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று மட்டும் அம்மாக்களிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, எந்த மிருகம்? நேரம் குறைவு என்றால் குஞ்சு. மஞ்சள் உருண்டை, இரண்டு சாக்லேட் சிப்ஸ் கண், ஒரு அலகு, முடிந்தது, 6 வயசுப் பிள்ளைகூடச் செய்யும். வழக்கமான உப்பு வெண்ணெயே மஞ்சள்தான், உப்பில்லாதது வாங்கினால் ஜெல் கலர் ஒரு சொட்டு விடுங்கள், தண்ணீர்க் கலர் விட்டால் க்ரீம் நெகிழும். முயலுக்குத்தான் அதிக ஆசை, அதிக வேலையும் அதற்குத்தான். அது ஜெர்மன் நாட்டு வழக்கம், 1682-லேயே எழுத்தில் பதிவாகியிருக்கிறது, நம் திருவழிபாட்டோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. பிள்ளைகளின் சந்தோஷத்துக்காகச் செய்கிறோம், தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஆட்டுக்குட்டி இல்லாத ஈஸ்டர் தட்டை என்னால் ஏற்க முடியாது. பூசைக்குப் பூசை கடவுளின் ஆட்டுக்குட்டியே என்று பாடுகிறோம், அந்த ஆட்டுக்குட்டி தட்டின் நடுவில் இருக்க வேண்டும், முயல் ஓரத்தில் இருக்கட்டும்.

ஆட்டுக்கு வெள்ளை வரவில்லை, வெண்ணெய் மஞ்சளடிக்கிறது என்று பலர் கவலைப்படுகிறார்கள். துளி ஊதா ஜெல் சேர்த்தால் மஞ்சள் மட்டுப்படும், நானும் அப்படிச் செய்துகொண்டிருந்தேன். போன வருஷம் பிள்ளைகளை மன்னவனூர் ஆராய்ச்சிப் பண்ணைக்குக் கூட்டிப்போனோம், அங்கே செம்மறியாடும் உண்டு, முயலும் உண்டு. பாரத் மெரினோ ஆட்டைப் பக்கத்தில் நின்று பாருங்கள், எங்கே வெள்ளை? நல்ல வெண்ணெய் நிறம், ஓரங்களில் கொஞ்சம் புழுதிப் பழுப்பு. அதற்கப்புறம் நான் ஊதாவைத் தொடுவதில்லை. என் நாத்தனார் மகள் அந்த ஆட்டைப் பார்த்துவிட்டு வந்து, அத்தை, முகத்தில் கம்பளி வைக்காதீங்க, நிஜ ஆட்டுக்கு மூக்குப் பக்கம் மொழுமொழுன்னு இருக்கு என்றாள். அவள் சொன்னது சரி. முகத்தை மார்சிபேனில் தட்டையாக வைத்துச் சுற்றி மட்டும் கம்பளி பிழிந்தபோதுதான் அது ஆடாகவே தெரிந்தது.

அடியிலுள்ள கேக்கையும் கவனிக்க வேண்டும், மேல்பக்கம் குழிந்திருந்தால் எந்த மிருகமும் சாய்ந்துவிடும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, மாவு வேகமாகப் பொங்கி, வேகும் முன்பே அமுங்கும். பேக்கிங் பவுடரில் கால் பங்கு குறையுங்கள், ஓவனை 10 டிகிரி கூட்டுங்கள், கப்கேக் காகித லைனரில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் ஊற்றுங்கள். மலைக் கேரட் துருவிப் போட்டால் முயலுக்கும் பொருத்தம்.

கீழே வத்தலக்குண்டு, மதுரை உறவுக்காரர்களுக்கு அனுப்புகிறவர்களுக்கு மட்டும் என் கணக்கு தலைகீழ். கொண்டை ஊசி வளைவில் ஆடி, அடிவாரத்து வெயிலில் இறங்கினால் பட்டர்க்ரீம் ஆடு பெருமாள்மலை தாண்டும்வரை ஆடாக இருக்கும், வத்தலக்குண்டில் வெறும் வெண்ணெய். அவர்களுக்கு முழு மிருகத்தையும் மார்சிபேனிலோ ஃபாண்டன்டிலோ செய்து, கேக்கைத் தனி டப்பாவிலும் மிருகத்தைத் தனி டப்பாவிலும் வைத்துக் கொடுத்துவிடுங்கள், போய்ச் சேர்ந்த பிறகு கொஞ்சம் ஜாம் தடவி அவர்களே ஒட்டிக்கொள்வார்கள்.