‘ஹாப்ஸ்’ பந்தல் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் பணம் கொடுத்துவிடாதீர்கள்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். கண்ணாடிக் குடுவையில் காய்ந்த பச்சைப் பூக்களை எடுத்துக்கொண்டு ஒருவர் வீடு வீடாக வருகிறார். பீரில் சேர்க்கிற ஹாப்ஸ் பூவின் கொடியை வைத்துத் தருகிறேன், அதற்குப் பந்தலும் போட்டுத் தருகிறேன், விளைவதை நானே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். 2024 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், அவரிடம் 46,000 ரூபாய் கொடுத்தேன். தையல் வேலையில் சிறுகச் சிறுகக் கட்டிய சீட்டுப் பணம். முளைத்தது ஹாப்ஸ் இல்லை. போட்ட பந்தலும் ஒரு மழைக்காலத்தைத் தாங்கவில்லை.

அந்தக் குடுவையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் விழுந்த இடம் அதுதான். மூடியைத் திறந்து இரண்டு பூக்களை என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் நுனி அளவு இருக்கும். மீன் செதில் மாதிரி மெல்லிய இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூம்பு வடிவத்தில் அடுக்கியிருந்தன. கசக்கிப் பாருங்கள் என்றார். கசக்கினேன். இதழ்களின் அடியிலிருந்து மஞ்சள் பொடி உதிர்ந்து பிசின் போலக் கையில் ஒட்டிக்கொண்டது. எலுமிச்சைத் தோல் வாசனையும் ஏதோ மரப்பிசின் வாசனையும் கலந்து வந்தது. நாக்கில் வைத்தால் வேப்பங்கொழுந்தின் கசப்பு. அசலான ஹாப்ஸ் பூ அது. அந்த மஞ்சள் பொடிக்கு லூபுலின் என்று பெயர் என்றும், பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவது அதுதான் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். காய்ந்த பூவை யார் வேண்டுமானாலும் விலைக்கு வாங்கிக் குடுவையில் போட்டுக்கொள்ளலாம். கையில் இருப்பது அசல் என்பதால் விற்பதும் அசலாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

எனக்குப் பீர் வியாபாரத்தில் அக்கறை இல்லை. என் மாமியாருக்கு 81 வயது. மாமா போன பிறகு அத்தைக்கு இரவில் சரியான தூக்கமே கிடையாது. விடிய விடிய விழித்திருந்து ராயபுரம் பக்கம் போகிற ரயில்களை எண்ணிக்கொண்டிருப்பார். ஐரோப்பாவில் இந்தப் பூவைத் தலையணைக்குள் வைத்துத் தைத்துத் தூங்குவார்கள் என்று அந்த ஆள் சொன்னதும் என் மனம் அங்கேயே சாய்ந்துவிட்டது. அப்படி ஒரு பழக்கம் அங்கே இருப்பது உண்மைதான். அவர் சொன்னதில் பாதி உண்மை. அமெரிக்காவின் ஹாப்ஸ் தோட்டங்களில் கொடி ஏறுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு கட்டுகிறார்கள் என்றார், அதுவும் உண்மை. நம் ஊர் நார்க்கயிற்றில் அவர்கள் ஊர்க் கொடி என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மீதிப் பாதிதான் பொய். ஜெர்மனியிலிருந்து வந்த கிழங்கு, ஒன்று 1,500 ரூபாய், 12 கிழங்குக்கு 18,000. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பில் 8 அடி உயரப் பந்தலுக்கு 28,000. ஒரு வருடம் வரை மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். முதல் ஆண்டிலேயே கொடிக்கு 3 கிலோ காய்ந்த பூ கிடைக்கும், கிலோ 2,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வார். பன்னிரண்டு கொடிக்கு 72,000 ஆகிறதே என்று என் கணவர் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பில் கேட்டதற்கு, “வேலை முடிந்ததும் மொத்தமாகத் தருகிறேன், அக்கா” என்றார். பணத்தைச் செல்போனில் அனுப்பியபோது திரையில் வேறு ஒரு பெயர் வந்தது. தம்பி கணக்கு என்றார். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

கிழங்குகள் பிப்ரவரியில் துளிர்த்தன. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் மாடிக்கு ஓடுவேன். மண்புழு உரம், மீன் அமிலம், காலையும் மாலையும் தண்ணீர் என்று பிள்ளையைப் போல வளர்த்தேன். மார்ச் கடைசியில் கொடி கயிற்றில் பாதி உயரம் ஏறியிருந்தது. கீழே இறங்கி வந்ததும் அத்தை கேட்பார், “பூத்ததா அம்மா?” இல்லை அத்தை, இன்னும் நாள் இருக்கிறது என்பேன்.

ஏப்ரலில் ஒரு நாள் பின் தெரு ஆயா முருங்கைக்கீரை கேட்டு மாடிக்கு வந்தார். பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பந்தலைப் பார்த்துவிட்டு, “கோவைக்கொடியை இவ்வளவு பெரிய பந்தல் போட்டா வளர்க்கிறாய்?” என்று கேட்டார். இல்லை ஆயா, இது வெளிநாட்டுக் கொடி என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் கயிற்றைச் சுற்றியிருந்த ஓர் இழையை விரலால் தூக்கிக் காட்டினார். கம்பிச்சுருள் மாதிரி மெல்லிய பற்றிழை. பாகலுக்கும் பீர்க்கனுக்கும் இருப்பது போல. மறுவாரமே ஐந்து முனை வைத்த வெள்ளைப் பூ பூத்தது. ரயில் பாதை ஓரத்து வேலியில் தானாகப் படர்ந்து கிடக்குமே, அதே கோவை. பழைய கோவைக்கொடியின் வேர் கிழங்கு போலப் பருத்திருக்கும். எந்த வேலியோரம் தோண்டினாரோ, அதைத்தான் தேங்காய்நார்த் தூளில் பொதிந்து 1,500 ரூபாய் என்று விற்றிருக்கிறார்.

ஹாப்ஸ் கொடியை யாரும் நம் பக்கம் கண்ணால் பார்த்ததில்லை, அதுதான் அவருக்கு மூலதனம். அதனால் அடையாளத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஹாப்ஸ் கொடிக்குப் பற்றிழை கிடையவே கிடையாது. தண்டே கயிற்றைச் சுற்றி ஏறும், மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகிற திசையில். தண்டுக்கு ஆறு விளிம்பு இருக்கும். அதில் கொக்கி போன்ற முடிகள் இருப்பதால் தடவினால் கையைப் பிராண்டும். இலைகள் எதிர் எதிராக இரண்டிரண்டாக வரும், ஓரம் ரம்பப் பல் போல வெட்டுப்பட்டிருக்கும், தொட்டால் சொரசொரப்பு. கோவை இலை ஒரு கணுவுக்கு ஒன்றுதான், அந்தக் கணுவிலேயே பற்றிழை கிளம்பும். இந்த ஒன்று தெரிந்திருந்தால் மார்ச் மாதமே கண்டுபிடித்திருப்பேன்.

அசல் கிழங்கே கொடுத்திருந்தாலும் அவர் சொன்ன விளைச்சல் இங்கே வந்திருக்காது. ஹாப்ஸ் வெயிலின் சூட்டைவிடப் பகலின் நீளத்தைப் பார்த்து வளர்கிற பயிர். ஜெர்மனியின் ஹாலர்டாவ், அமெரிக்காவின் யாகிமா, செக் நாட்டின் ஜாடெட்ஸ் என்று பேர்பெற்ற இடங்கள் எல்லாம் வடக்கே வெகு தொலைவில் இருப்பவை. ஹாலர்டாவில் ஜூன் மாதப் பகல் சுமார் 16 மணி நேரம். அந்த நீண்ட பகலில் கொடி 18 அடி, 20 அடி என்று ஏறும், பிறகு பகல் குறையத் தொடங்கும்போது பூக்கும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது. பகல் குறைவான இடத்தில் கொடி வளர்ந்து முடிக்கும் முன்பே கொஞ்சமாகப் பூத்து ஓய்ந்துவிடும். பிரேசிலில் இரவில் மின்விளக்குப் போட்டுப் பகலை நீட்டி வளர்க்கிறார்கள். ஆகவே வெப்ப நாட்டில் முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். விளக்குச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் கிலோ கணக்குச் சொல்பவரை நம்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். நம் நாட்டில் ஹாப்ஸ் விளைவது இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், சுமார் 3,000 மீட்டர் உயரத்தில். அங்கே குளிர்காலம் முழுவதும் பனி.

கொடிக்கு 3 கிலோ என்பதும் பொய். நல்ல மண்ணில், நல்ல பராமரிப்பில் நிற்கிற கொடி முழு விளைச்சலுக்கு வர மூன்றாம் ஆண்டு ஆகும். அப்போதும் காய்ந்த பூ ஒரு கிலோவை ஒட்டித்தான் இருக்கும். முதல் ஆண்டில் கைப்பிடி அளவு கிடைத்தால் பெரிது. 20 அடி ஏறுகிற கொடிக்கு 8 அடிப் பந்தல் எதற்கு என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் கேளுங்கள்.

கொடியில் பூத்த பூவைப் படம் எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பினேன். முதல் வருடம் அப்படித்தான் பூக்கும் என்று பதில் வந்தது. பற்றிழையைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, “அக்கா, உங்களுக்கு ஆண் கொடி வந்துவிட்டது, அடுத்த முறை பெண் கொடி தருகிறேன், பாதி விலை போதும்” என்றார். ஹாப்ஸில் ஆண் வேறு, பெண் வேறு என்பது சரி, கூம்புப் பூ பெண் கொடியில்தான் வரும். ஆனால் பெயர் சொல்லி விற்கிற ஹாப்ஸ் ரகங்களைப் பெண் கொடியின் வேர்த்தண்டை வெட்டித்தான் பெருக்குகிறார்கள். தாய் எதுவோ அதுவேதான் பிள்ளையும். வெட்டி வைத்த வேர்த்தண்டில் ‘தவறி’ ஆண் வர வழியே இல்லை. அதன் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை வருவதாகச் சொன்னவர் மொத்தம் வந்தது ஒரே முறை.

பந்தலின் கதை இதைவிட மோசம். வேறு கொடியாவது ஏற்றலாம் என்று அதை அப்படியே விட்டிருந்தேன். கால் ஊன்றுவதற்காகத் தட்டோட்டை உடைத்துத் தளத்தில் எட்டு இடத்தில் துளை போட்டு போல்ட் முடுக்கியிருந்தார்கள். கசியாதா என்று அன்றைக்கே கேட்டேன். சிமென்ட் பூசியாயிற்று என்றார்கள். அக்டோபர் மழையில் அத்தையின் அறைக் கூரையில் ஈரம் படர்ந்தது. கட்டிலை நகர்த்திப் போட்டோம். கடற்காற்றில் பைப்பின் மேல் பூச்சு செதில் செதிலாக உரிந்தது, உள்ளே செந்துரு. நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த அன்று, இங்கேயும் காற்றும் மழையும் அடித்ததில் இரண்டு கால் அடியோடு முறிந்து பந்தல் தண்ணீர்த் தொட்டியின் மேல் சாய்ந்தது. ஒரு கைப்பிடிச் சுவர் தாண்டியிருந்தால் சந்தில் விழுந்திருக்கும். அந்தச் சந்தில்தான் பிள்ளைகள் விளையாடுவார்கள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. கழற்ற வந்த வெல்டர் உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். “அக்கா, இது ஜி.ஐ. இல்லை. பழைய இரும்புப் பைப்பில் சில்வர் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்” என்றார். தளத்தைச் சரிசெய்ய இன்னும் 11,000 ரூபாய் ஆயிற்று.

இப்படி யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால் இரண்டு காகிதம் கேளுங்கள். வெளிநாட்டுக் கிழங்கு என்றால் இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அரசு தந்த தாவர நலச் சான்றிதழும் இருந்தாக வேண்டும், அது சட்டம். அடுத்தது, முகவரியோடு கூடிய பில். பைப்பைக் கையால் தூக்கிப் பாருங்கள், முனையில் ஓர் இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். தளத்தில் துளை போட விடாதீர்கள். கனமான சிமென்ட் தொட்டியில் காலை ஊன்றினாலே புடலைக்கும் பாகலுக்கும் பந்தல் நிற்கும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். பிறகு சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். நாம் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். எனக்கு அதிக நாள் இழுத்தடித்தது எதிர்த்தரப்பின் முகவரியைக் கண்டுபிடிப்பதுதான். சொன்ன பெயர் ஒன்று, கணக்கில் இருந்த பெயர் வேறு. பைப் இறக்கிய சுமை ஆட்டோக்காரர் பேச்சுவாக்கில் சொன்ன ஓர் இடத்தை வைத்து மூன்று வாரம் அலைந்து கண்டுபிடித்தோம். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஒன்று மட்டும் என்னைப் போல் செய்துவிடாதீர்கள். உண்மை தெரிந்த அன்று ஆத்திரத்தில் எட்டுக் கொடியை வேரோடு பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். மீதி நான்கை ஆயாதான் கையைப் பிடித்துத் தடுத்தார். இன்று ஆணையத்தில் காட்டுவதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி அந்த நான்கும்தான். கொடியைப் பிடுங்காதீர்கள். இலை, கணு, பற்றிழை, பூ என்று எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். முறிந்த பைப்பில் ஒரு துண்டையாவது பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். அந்தக் குடுவைக்காரரிடம் பணம் கொடுத்தவர்கள் வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். சேர்ந்தே மனு கொடுப்போம்.